ஒரு மார்க் 2-க்கு எஞ்சின் தேடியபோது: துருப்பிடித்த முழு வண்டியா, கழற்றி வைத்த எஞ்சினா, இசுசூவா?

எங்கள் வீட்டு அம்பாசிடர் தாத்தா 1969-ல் வாங்கியது. மார்க் 2, பெட்ரோல் வண்டி. பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் தோப்பு வேலையாக அவர் ஓடியதெல்லாம் இந்த வண்டியில்தான். அவருக்குப் பிறகு அப்பா, அப்புறம் நான். மூன்று வருடத்துக்கு முன் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வரும்போது எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று உடைந்து, பிளாக்கை, அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மூன்று விரல் நுழையும் ஓட்டை. கியர்பாக்ஸில் இரண்டாவது கியர் ஏற்கெனவே தானாக நழுவிக்கொண்டிருந்தது. பின்னால் ஆக்ஸிலும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஊளையிடும்.

ஆனால் பாடி நல்ல பாடி. வருடம் தவறாமல் அடித்தகட்டுக்குத் தார் அடித்து, கார் செட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். ஆக, எனக்கு வேண்டியது எஞ்சின், கியர்பாக்ஸ், அதிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில். வண்டியை ஓட்டும் உறுப்புகள் மொத்தமும். இதை எங்கிருந்து எடுப்பது என்று ஒன்றரை வருடம் அலைந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அதனால் நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை எழுதுகிறேன்.

இருக்கிற பிளாக்கையே ஒட்டவைக்கும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பை நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யலாம். விரிசலாக இருந்தால் உலோகத் தையல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் விரிசல் என்றால் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ராடு வெளியே வந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டும் வளைந்திருந்தது, ஒரு சிலிண்டரின் அடி விளிம்பும் உடைந்திருந்தது. எங்கள் மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க தம்பி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வழி இசுசூ. 1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரில் 1,817 சிசி இசுசூ பெட்ரோல் எஞ்சினும், தரையில் கம்பி வைத்த ஐந்து கியர் பெட்டியும் போட்டது. பழைய 1,489 சிசி எஞ்சின் 50 குதிரைத்திறன் தந்தது என்றால் இது 75 வரை தரும். அம்பாசிடர் உற்பத்தி 2014 வரை நடந்ததால் இந்த எஞ்சின் உள்ள வண்டிகள் இன்னும் கிடைக்கின்றன, உதிரிப் பாகமும் கிடைக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் தினமும் ஓட வேண்டும் என்றால் பழைய நான்கு கியர் வண்டி லாரிகளுக்கு நடுவில் திணறத்தான் செய்யும். தினசரி ஓட்டத்துக்கு வண்டி வைத்திருப்பவர், 1992-க்குப் பிந்தைய அம்பாசிடர் வைத்திருப்பவர், இசுசூவுக்குப் போவதில் தப்பே இல்லை.

என் வண்டிக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, மார்க் 2-வில் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. ஐந்து கியர் பெட்டிக்குத் தரையை வெட்டித் துளை போட வேண்டும். எஞ்சின் தாங்கி, கியர்பாக்ஸ் தாங்கி, புரப்பல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாவற்றையும் அளந்து மாற்ற வேண்டும். ஐம்பது வருடமாகக் காப்பாற்றிய தரைத் தகட்டில் கட்டிங் வீல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணம் சட்டம். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவில் போனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். நான் இன்னும் அந்தப் பதிவுக்குப் போகவில்லை. போகும் வாசலை இன்றைக்கே அடைத்துக்கொள்ளவும் விரும்பவில்லை. தவிர, உற்பத்தியாளர் தந்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். எல்லை தாண்டி அடிக்கடி போகிற நாங்கள் அதை மறக்கக் கூடாது.

மூன்றாவது வழி, கழற்றி வைத்த உருப்படியை வாங்குவது. கோவை உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் உள்ள பழைய உதிரிப் பாகக் கடைகளில் தேடினால் அந்தப் பழைய 1,489 சிசி எஞ்சின் அகப்படும். பி-சீரிஸ் என்பார்கள். அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் காலத்திலிருந்து வந்த வம்சம் அது. 73.025 மில்லிமீட்டர் சிலிண்டர், 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மூன்று மெயின் பேரிங். கடையில் வாங்குவதில் சௌகரியம் இருக்கிறது. பணம் கொடுத்தால் அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரலாம். பாடியைத் தூக்க வேண்டாம், தோப்பில் கிடந்து போல்ட் வெட்ட வேண்டாம். கியர்பாக்ஸ் மட்டும், டைனமோ மட்டும் என்று ஒற்றை உருப்படி தேவைப்படுகிறவருக்கு இதுதான் சரியான வழி.

எனக்கு இதில் பட்ட அடி ஒன்று உண்டு. கோவையில் ஒரு கடையில் டிஃபரன்ஷியல் வாங்கினேன். பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரத் தொகுதி அது. அதிலிருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும், அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனும் பளபளவென்று இருந்தன. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் இரண்டிலும் பொறித்திருந்த ஜோடி எண்கள் வேறு வேறு. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பதப்படுத்தி ஜோடியாக வருபவை. ஒன்றை இந்த வண்டியிலிருந்தும் மற்றொன்றை வேறு வண்டியிலிருந்தும் எடுத்துக் கோத்தால் பல் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் ஓட்டத்தில் ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் தின்றுபோகும். கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. குவியலிலிருந்து எடுத்துக் கோத்திருப்பார். குவியலில் இருக்கும் பொருளுக்கு வரலாறு கிடையாது. எந்த வண்டியில் இருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினார்களா இல்லை இறுகிப்போய்க் கழற்றினார்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் நான்காவது வழிக்கு வந்தேன். துருப்பிடித்துப்போன ஒரு முழு வண்டியை வாங்கி, அதன் உறுப்புகளை எடுத்துக்கொள்வது. இதற்கு எங்கள் எல்லைப் பக்கம் நல்ல இடம். சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கமெல்லாம் பண்ணை வீடுகளில் ஓட்டம் நின்றுபோன அம்பாசிடர்கள் இன்னும் கிடக்கின்றன. பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள், பேரம் பேசச் சிரமமில்லை. ஆக்ரிக்காரர் (பழைய இரும்பு வாங்குகிறவர்) எடைக்குக் கேட்டிருப்பார், வீட்டுக்காரர் மனசில்லாமல் வைத்திருப்பார். ஓட்டத்துக்கே போகிறது என்று சொன்னால் முகம் மலரும்.

இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று கொல்லங்கோட்டுப் பக்கம், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில். மற்றொன்று கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனங்காட்டு ஓரம் ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில்.

கொல்லங்கோட்டு வண்டி பார்வைக்கு நன்றாக இருந்தது. கதவு நான்கும் மூடித் திறந்தன, பெயின்டில் மினுக்கம்கூட மிச்சம். தொழுவத்து வண்டியைப் பார்த்தால் கண்ணீர்தான் வரும். தரைத்தகடு முழுதாக உதிர்ந்து மண் தெரிந்தது. பக்கவாட்டுப் பெட்டிச் சட்டம் கையால் தொட்டால் தூளாகிறது. பாடி மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர் முதல் வண்டியைத்தான் வாங்குவார். நானும் அப்படித்தான் சாய்ந்தேன். எங்கள் மெக்கானிக் பானட்டைத் திறந்தார். கார்புரேட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் அடியில் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்டு குழாயின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

துரு பாடியைத் தின்பதற்கும் எஞ்சினைத் தின்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். வண்டி எந்த நிலையில் நின்றாலும் நான்கு சிலிண்டரில் ஏதோ ஒன்றில் இன்லெட் வால்வு திறந்தபடிதான் இருக்கும். மேனிஃபோல்டு வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் போய் நிற்கும். பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டிப்போகும், சுவரில் குழி விழும். மலையடிவாரத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். தொழுவத்து வண்டியிலோ ஏர் கிளீனர் வரை எல்லாம் மாட்டியபடி இருந்தது. ஸ்பார்க் பிளக் நான்கும் இடத்தில். கிழக்குச் சித்தூர் மழை குறைந்த பூமி. தரைத்தகடு போனதற்குக் காரணம் மழை இல்லை, தொழுவத்து ஈரமும் மாட்டு மூத்திரமும்.

சரி, வெளியிலிருந்து பார்த்து எஞ்சின் உள்ளே எப்படி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் மெக்கானிக் செய்த சோதனை ஒன்று எனக்குப் பெரிய பாடம். எஞ்சின் அடித்தட்டில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிவிடாமல் மெல்லத் தளர்த்தினார். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில்தான் தங்கும். உள்ளே தண்ணீர் போயிருந்தால் முதலில் வருவது தண்ணீர்தான். கொல்லங்கோட்டு வண்டியில் அரை டம்ளர் செம்மண் நிறத் தண்ணீர் வடிந்த பிறகே எண்ணெய் வந்தது. தொழுவத்து வண்டியில் முதல் சொட்டே கறுப்பு எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இதையே செய்தோம். கியர்பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் ஈரம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கொழிஞ்சாம்பாறை வண்டியில் தேன் போல வந்தது.

அப்புறம் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். அம்பாசிடரில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி இருப்பது இந்த வேலைக்கு வரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேண்டிலை மாட்டி, முழு பலம் போடாமல் முன்னும் பின்னுமாக அசைத்தோம். மூன்றாவது அசைப்பில் 'டக்' என்று விட்டது. கயிறு கட்டி டிராக்டரில் இழுத்தால் சுற்றிவிடும் என்று வீட்டுக்காரர் ஆசையாகச் சொன்னார். அதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. ஒட்டிய வளையம் உடைந்து சிலிண்டரைக் கீறும், ராடு வளையும். காத்திருப்பதற்கு ஆகும் செலவு ஒரு வாரம் மட்டும்.

பின் ஆக்ஸிலைப் பார்க்கும்போது விகிதத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டு பின்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் புரப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். சாக்பீஸ் அடையாளம் போதும். உங்கள் வண்டியிலும் அப்படியே எண்ணிப் பாருங்கள். இரண்டும் வேறானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஏற்றத்தில் கியர் ஒத்துவராது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

டிஃபரன்ஷியலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கிரவுன் வீலின் கீழ்ப்பாதி எண்ணெயில் முழுகியிருக்கும், மேல்பாதி காற்றில் இருக்கும். எண்ணெய்க் கோட்டுக்கு மேலே இருக்கும் பற்களில்தான் துரு பிடிக்கும். அதனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை இழுத்த பிறகு டிஃபரன்ஷியல் முன்பக்கமாகக் கழன்று வரும். எடுத்து வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். லேசான செந்நிறம் துணியால் போனால் பயமில்லை. நகம் மாட்டும் குழி இருந்தால் அது வேண்டாம். என்னுடையதில் ஏழெட்டுப் பல்லில் நிறம் மட்டும் இருந்தது. பினியன் பேரிங்கில்தான் உருளைகள் நின்ற இடத்தில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம். ஜோடி எண் இரண்டிலும் ஒன்றே. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியை என்னால் எழுத முடியவில்லை.

கழற்றும் வேலைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. துருப்பிடித்த அம்பாசிடரை ஜாக்கி வைத்துத் தூக்குவதில் உயிர் ஆபத்து இருக்கிறது, அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். பக்கவாட்டுச் சட்டம் உதிர்ந்துபோன வண்டியில் வழக்கமான இடத்தில் ஜாக்கி வைத்தால் ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு மேலே போகும், வண்டி கீழே இறங்கும். நாங்கள் பின்னால் ஆக்ஸிலுக்கு அடியிலும், முன்னால் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு அடியிலும் மரக்கட்டை அடுக்கித் தூக்கினோம். எஞ்சினை இறக்க மூன்று பனஞ்சட்டத்தை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டினோம். பனஞ்சட்டம் கிழக்குச் சித்தூரில் கேட்ட இடத்தில் கிடைக்கும், தென்னையைவிட வைரம் பாய்ந்தது.

போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எண்ணெய் விடச் சொல்லி வீட்டுப் பையனிடம் கேன் கொடுத்திருந்தேன். அப்படியும் பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டு நான்கையும் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அது பரவாயில்லை, புதிது கிடைக்கும். புரப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு முனையிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துக்கொண்டோம். பழைய நிலையிலேயே கோக்காவிட்டால் வண்டி அதிரும்.

முழு வண்டி வாங்கியதன் அருமை சின்னச் சாமான்களில்தான் தெரிந்தது. ஸ்டீயரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிகள், அவற்றின் புஷ், கிளட்ச் ஃபோர்க், எஞ்சின் தாங்கி பிராக்கெட், ஸ்பீடோமீட்டர் ஓட்டும் சின்னப் பல்சக்கரம், அளவுக்கென்று செய்த போல்ட்டுகள். இவற்றில் எதையும் கடையில் தனியாகக் கேட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்பார்கள், அப்புறம் போன் வராது. இங்கே எல்லாமே ஒரே வண்டியில், ஒன்றோடொன்று ஐம்பது வருடம் பழகியவை. என் வண்டியில் கியர் நழுவியதற்கு அந்தக் கம்பிப் புஷ் தேய்ந்ததும் ஒரு காரணம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்த வழிக்கும் சுமை உண்டு. வண்டியை ஏற்ற லாரி வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்காரர் அங்கேயே கழற்ற இடம் தர வேண்டும். எடுத்தது போக மிச்சம் வரும் தகரத்தை அப்புறப்படுத்த வேண்டும். இடம் இல்லாதவர், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகூட ஒதுக்க முடியாதவர் இதில் இறங்கினால் இரண்டு வண்டியும் பாதியில் நிற்கும். அவருக்குக் கடைதான் நல்லது. ஆனால் கிரவுன் பினியன் எண்ணைக் கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.

காகிதம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிளாக்கில் இருக்கும் எண்ணும் அந்த வண்டியின் ஆர்சியில் இருக்கும் எஞ்சின் எண்ணும் ஒன்றுதானா என்று தேய்த்துப் பார்க்க வேண்டும். பாகங்களுக்கு விற்பனைக் கடிதம், ஆர்சி நகல், உரிமையாளர் அடையாள அட்டை நகல் மூன்றும் கையில் இருந்தால் செக்போஸ்ட்டில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வரும்போது பேச்சு சுருக்கமாக முடியும். வண்டி இனி ஓடாது என்றாகிவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி உரிமையாளரே பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். அதைக் கூடவே இருந்து செய்யவைத்தேன், அவருக்கும் நிம்மதி. நம் வண்டியில் எஞ்சின் எண் மாறுவதை 52-ஆம் பிரிவின்படி நம் ஊர் அலுவலகத்தில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அதே வகை எஞ்சின், அதே எரிபொருள் என்பதால் எனக்கு விளக்கம் சொல்வது எளிதாக இருந்தது. இசுசூ என்றால் இந்த இடத்தில் கதை வேறாகியிருக்கும்.

இப்போது எஞ்சின் லேத்தில் இருக்கிறது. சிலிண்டரில் தேய்மானம் சமமாக இருப்பதால் 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் போரிங் போட்டு, சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும் என்றார்கள். இந்த எஞ்சினுக்கு 40 வரை இடம் உண்டு, ஆக இன்னொரு முறைக்கும் மிச்சம் இருக்கிறது. ஹெட்டில் விரிசல் இல்லை. கியர்பாக்ஸை வாய்வரை எண்ணெய் ஊற்றி, திறப்புகளில் துணி அடைத்து, கார் செட்டில் வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பினியன் பேரிங் மட்டும் இன்னும் வரவில்லை. தொழுவத்து வீட்டுப் பெரியவர் வாரம் ஒரு முறை போன் செய்து, "என்னாச்சுங்க, சத்தம் கேட்டுதுங்களா?" என்று கேட்கிறார். முதல் ஸ்டார்ட்டுக்கு அவரையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.